நீலம் வருகிற இடம்

குரு என்றால் தாடியும் கமண்டலமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் எங்கள் சென்டருக்கு வந்துவிடாதீர்கள். எங்கள் குருவுக்கு முப்பத்தோரு வயசு. பெயர் ஜெபக்கனி. ஸ்கூட்டியில் வருவார். சீடருக்குத்தான் தலை நரைத்திருக்கும். அவர் பெயர் பொன்னுலிங்கம். ஐடிஐயில் ஃபிட்டர் வாத்தியாராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தவர்.

நான் அங்கே பிசியோதெரபி பார்க்கிறவள். பிள்ளைகளின் கையையும் காலையும் மடக்கி நீட்டுவது என் வேலை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்பது சம்பளம் இல்லாமல் பார்க்கிற வேலை.

சென்டர் தூத்துக்குடியில் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஒரு தொழிலைப் பழக்கி வெளியே வேலைக்கு அனுப்புகிற இடம். பிள்ளைகள் என்று சொல்கிறோமே தவிர, பாதிப்பேருக்கு மீசை முளைத்துவிட்டது.

பொன்னுலிங்கம் சார் வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அவ்வளவு பெரிய மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “டீச்சர், ஒரு சந்தேகம்” என்பார். டீச்சர் நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

“டீச்சர், ஒரு பிள்ளை வேலையைப் பழகிட்டான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிடுதது?”

“சார், அந்த வாளியை எடுத்து ஜன்னல் பக்கம் வைங்க.”

சார் வைத்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த பிள்ளை திரும்பி வந்தாள். வாளி முன்பு இருந்த இடத்துக்கே போய், வெறும் தரையில் துடைப்பானை முக்கி முக்கி எடுத்தாள். பிறகு ஈரமில்லாத துடைப்பானால் மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.

“இன்னும் பழகல சார்,” என்றார் டீச்சர். வாளியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்படித்தான் பாடம் நடக்கும்.

இப்போது சேர்மதுரையைச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயசு ஆகப்போகிறது. அதற்கு மேல் எங்கள் சென்டரில் இடம் கிடையாது. டிசம்பரோடு அவன் போக வேண்டும். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா தங்கபுஷ்பம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. சென்டருக்கு லீவு விட்டால், அவனை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் டூட்டிக்குப் போவார். கல்நெஞ்சுக்காரி இல்லை அவர். ஒருதடவை பூட்டாமல் போனதற்கு அவன் பாட்டுக்கு நடந்து துறைமுகம் வரைக்கும் போய்விட்டான். ஊரே தேடியது.

வேலை கிடைத்தால் பகல் முழுக்க வேலை இடத்தில் இருப்பான். கிடைக்காவிட்டால் ஜனவரியிலிருந்து தினமும் பூட்டுத்தான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். “பூட்டு வேண்டாம்” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். நான் அவன் முட்டியை மடக்கி நீட்டுவேன்.

ஜெபக்கனி டீச்சர் அலையாத அலைச்சல் அலைந்து ஒரு இடம் பிடித்தார். தவசிமணி அண்ணாச்சியின் பேக்கரி. அங்கே மக்ரூன்தான் விசேஷம். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்த்து அடித்து, தட்டில் கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் காயவைத்து எடுப்பார்கள். வாயில் போட்டால் கரையும். கீழே போட்டால் தூள். அடுப்பறையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு போய் பாக்கெட் போடுகிற மேசையில் வைக்க ஒரு ஆள் வேண்டும். “பையன் பொறுமைசாலின்னா கொண்டாங்க, பாப்போம்” என்றார் அண்ணாச்சி.

பொறுமைக்கு சேர்மதுரையை விட்டால் ஆள் கிடையாது. பழக்குவதுதான் பாக்கி. அந்தப் பொறுப்பை டீச்சர் பொன்னுலிங்கம் சாரிடம் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு எஞ்சினியரிங் காலேஜ் பிள்ளைகள் எங்களுக்கு விஆர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்ணை மறைக்கிற மாதிரி முகத்தில் மாட்டுகிற கறுப்புப் பெட்டி. மாட்டினால் நாம் நிற்கிற அறை மறைந்து வேறொரு இடம் தெரியும். நம் பிள்ளைகள் அதற்கு மூஞ்சிப்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் அண்ணாச்சி கடைக்குப் போய்ப் படம் எடுத்து வந்து, அடுப்பறை, தட்டு, மேசை எல்லாவற்றையும் அதற்குள் செய்து வைத்தார்கள். நானும் மாட்டிப் பார்த்தேன். அடுப்பு எரிகிறது, சூடு மட்டும் இல்லை.

பொன்னுலிங்கம் சார் விடுவாரா? “வெறுங்கையை வீசிக்கிட்டு தட்டு தூக்குனா கை எப்படிப் பழகும்?” என்று தகரத்தில் நிஜத் தட்டே செய்துவிட்டார். பெட்டியோடு வருகிற இரண்டு கைப்பிடிகளையும் தட்டின் இரண்டு பக்கமும் பூட்டினார். கனத்துக்குத் துணி சுற்றிய செங்கல் துண்டு. நல்ல வேலைக்காரர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்தப் பெட்டியில் இன்னொன்று உண்டு. போட்டதும், கைப்பிடியைத் தரைப்பக்கம் நீட்டி நம்மைச் சுற்றி ஒரு கோடு வரைய வேண்டும். கோட்டுக்குள் நடந்தால் பேக்கரி தெரியும். கோட்டுப் பக்கம் போனால் கண் முன்னால் நீலமாக ஒரு வலை எழும்பும். மீறிப் போனால் பேக்கரி மறைந்துவிடும், வாங்கின மார்க்கும் போய்விடும். கண் தெரியாமல் நடக்கிறவன் சுவரில் முட்டிக்கொள்ளக் கூடாது என்று செய்த ஏற்பாடு.

கோடு போடுகிற வேலையைச் சார் யாருக்கும் விடமாட்டார். ஆயுசு முழுக்க கடைசல் மெஷினைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, “கோட்டைத் தாண்டுனா கை இருக்காதுல” என்று பையன்களை மிரட்டின மனுஷர். வகுப்பில் பெஞ்சு இருந்தது, பீரோ இருந்தது. பெஞ்சிலிருந்து ஒரு முழம் தள்ளி, பீரோவிலிருந்து இரண்டு முழம் தள்ளி, இறுக்கமாகப் போட்டார். உள்ளே மூன்று எட்டு நடக்கலாம். அந்த மூன்று எட்டுக்குள் அடுப்பும் மேசையும் வருகிற மாதிரி காலேஜ் பிள்ளைகளைச் சொல்லிச் சுருக்க வைத்தார். கோடு போட்டதும் பெட்டியைக் கழற்றி சேர்மதுரைக்கு மாட்டிவிட்டு, டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். அவன் பார்க்கிறது டிவியில் தெரியும். வலை மட்டும் டிவியில் தெரியாது.

சேர்மதுரை முதலில் நூற்றுக்குப் பத்து வாங்கினான். பிறகு நாற்பது. பிறகு எண்பது. ஒருநாள் நூற்றுக்கு நூறு வாங்கினான். டிவியில் பட்டாசு வெடித்தது. பொன்னுலிங்கம் சார் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிவந்தார். ஜெபக்கனி டீச்சர் ஜிலேபியைத் தின்றுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி கடைக்கு எல்லாருமாகப் போனோம். சேர்மதுரைக்குப் புதுச்சட்டை. தங்கபுஷ்பம் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பியிருந்தார். அவன் கையுறை மாட்டினான், தட்டைச் சரியாகப் பிடித்தான், நெஞ்சுக்கு நேராகத் தூக்கினான். சாருக்கு முகமெல்லாம் பல்.

ஒன்று. இரண்டு. மூன்று. நின்றுவிட்டான். அடுப்பறையிலிருந்து மேசைக்கு நீளமான நடை. முட்டை அடிக்கிற மெஷினைத் தாண்டிப் போக வேண்டும். மேசை அதோ தெரிகிறது. அவன் அதைப் பார்க்கிறான். கால் நகரவில்லை.

“போ, ராசா,” என்றார் சார்.

நகரவில்லை. பெட்டிக்குள் மேசை வருகிற பக்கமாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தான். அங்கே மேசை இல்லை. மறுபடியும் முன்னால் திரும்பினான். பின்னால் தட்டோடு வந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். “ஏ, நடப்பா” என்றார் ஒருவர். சேர்மதுரை கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். டீச்சர் போய் தட்டை வாங்கிக்கொண்டார்.

அண்ணாச்சி நல்ல மனுஷர். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“தப்பா நெனைக்காதிய சார். பையன் தங்கம். ஆனா இது நிக்கிற எடம் இல்ல, நடக்கிற எடம்.”

“அண்ணாச்சி, ஒருதடவை…”

“வர்ற வெள்ளிக்கிழமை கொண்டாங்க. அதுக்குப் பொறவு கிறிஸ்மஸ் ஆர்டர் வந்துரும். எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.”

திரும்பி வருகிற வேனில் சேர்மதுரை, “பூட்டு வேண்டாம், பூட்டு வேண்டாம்” என்று ஜன்னலிடம் சொல்லிக்கொண்டு வந்தான்.

சென்டரில் சமையல்காரர் செய்தி கேட்டு, “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா?” என்றார். சார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நேராக டீச்சரிடம் போனார்.

“நூத்துக்கு நூறு வாங்குனவன் ஏன் டீச்சர் நின்னான்?”

டீச்சர் பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்தார். “மாட்டுங்க சார்.”

“நான் கோடு போடையில மாட்டியிருக்கேன்லா.”

“கோடு போட மாட்டுனீங்க. நடக்க மாட்டுனீங்களா?”

சார் யோசித்தார். மாட்டினார். டீச்சர் தகரத் தட்டை அவர் கையில் கொடுத்தார். “அடுப்புல இருந்து எடுத்து நடங்க. நேரா நடங்க, நிக்காதீங்க.”

சார் நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றார்.

“ஏன் சார் நின்னுட்டீங்க?”

“வலை வருது டீச்சர்.”

“தாண்டுங்க.”

“எப்படித் தாண்டுதது? மூஞ்சிக்கு நேரா வருது.”

“நெசமாவா சார் வலை இருக்கு?”

“இல்லதான். ஆனாலும் கால் போக மாட்டேங்குதே.”

அறை மூலையில் உட்கார்ந்திருந்த சேர்மதுரை எழுந்து வந்தான். சாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“சார், அங்க நிக்கணும்,” என்றான். “நீலம் வரும்.”

பொன்னுலிங்கம் சார் பெட்டியைக் கழற்றாமல் அப்படியே நின்றார். உள்ளே அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். கழற்றும்போது பெட்டிக்குள் கண்ணாடி ஈரமாக இருந்தது. நான்தான் துடைத்து வைத்தேன்.

“இந்த எழவெடுத்த பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டிருவோம் டீச்சர்,” என்றார்.

“பெட்டி என்ன சார் செஞ்சிச்சு? தட்டைச் சாயாமப் பிடிக்க அதுதான கத்துக்குடுத்துச்சு.”

“அப்போ வலை?”

“வலையைப் பெட்டியா போட்டுச்சு?”

சார் பெஞ்சையும் பீரோவையும் திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்குச் சாப்பாட்டு ஹால்ல வைப்போம்,” என்றார் டீச்சர். “கோட்டை சேர்மதுரை போடட்டும்.”

“என்ன டீச்சர் சொல்லுதிய? அவன் கண்டபடி போட்டுருவாம்லா.”

“போடட்டும்.”

அன்று சாயங்காலமே சார் காலேஜ் பிள்ளைகளுக்குப் போன் போட்டார். மேசையைத் தள்ளி வைக்கச் சொன்னார். எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். “அண்ணாச்சி கடையில எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். சுருக்கச் சொன்ன நான்தான் முட்டாப்பய” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் ஹாலில் பெஞ்சுகளை ஓரம் கட்டினோம். சேர்மதுரை பெட்டியை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைக் கையில் வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு போட ஆரம்பித்தான். அவ்வளவு நிதானமாக நான் யாரும் கோலம்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. சுவர் ஓரமாகவே போனான். தூணைச் சுற்றிப் போனான். கை கழுவுகிற தொட்டியை உள்ளே சேர்த்தான். நான் பயிற்சி கொடுக்கிற பாயை உள்ளே சேர்த்தான். கோட்டை முடிக்கப் போகிற நேரத்தில் நின்று, பெட்டியை நெற்றிக்குத் தூக்கி, சார் எங்கே நிற்கிறார் என்று பார்த்தான். வாசல் ஓரம் நின்றிருந்தார். பெட்டியை இறக்கி, அவரையும் சுற்றிக் கோட்டைக் கொண்டுவந்து முடித்தான்.

“சாரும் உள்ள,” என்றான்.

சார் மூக்கைச் சிந்தப் போனார்.

முதல் நாள் மூன்று எட்டில் நின்றான். நீலம் வரவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்தான், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. பிறகு இன்னொரு எட்டு வைத்தான். அடுத்த நாள் ஐந்து எட்டு, அதற்கடுத்த நாள் ஹாலின் பாதி. மார்க் எல்லாம் மறுபடியும் நாற்பதுக்கு வந்துவிட்டது. டிவியில் பட்டாசு இல்லை. சாருக்கு அது குறைதான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்கவில்லையே தவிர, மனுஷரால் சும்மா இருக்க முடியவில்லை. அவன் தட்டோடு நடக்க, இவர் அவனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார். அவனுக்கு இவர் இருப்பது தெரியாது. “சார், தள்ளி வாங்க” என்று நான் சொன்னேன். “விழுந்துருவான்மா, விழுந்துருவான்” என்றார். வியாழக்கிழமை தூண் இருப்பதை மறந்துவிட்டார். முதுகு தூணில் இடித்து இவர் நிற்க, அவன் நிற்காமல் வந்து மடேர் என்று மோதினான். பெட்டியின் விளிம்பு இருவருக்கும் பட்டுவிட்டது. இருவர் நெற்றியிலும் புடைப்பு.

ஐஸ் வைத்தேன். சாரின் புடைப்பு பெரிது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

“அவன் அம்மா வந்து கேட்டா என்ன டீச்சர் சொல்லுதது?”

“நடந்ததைச் சொல்லுங்க.”

சாயங்காலம் தங்கபுஷ்பம் வந்தார். சார் குற்றவாளி மாதிரி போய் நின்று நடந்ததைச் சொன்னார். தங்கபுஷ்பம் மகனின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். சாரின் நெற்றியையும் பார்த்தார்.

“இதுக்கா சார் இப்படி நடுங்குறிய? வீட்ல பூட்டிட்டுப் போனா கதவுல முட்டி முட்டி நெத்தி வீங்கியிருக்கும். அதைப் பாத்தவ நான். இது நடந்து வாங்குன அடிதான?” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “ஐயா, வலிக்கா?” என்றார்.

“இல்ல,” என்றான் அவன். “நான் தொட்டி வரைக்கும் போனேன்.”

வெள்ளிக்கிழமை வந்தது. நெற்றியில் புடைப்போடு சார், நெற்றியில் புடைப்போடு சேர்மதுரை. அண்ணாச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், கேட்கவில்லை. தங்கபுஷ்பம் கடைக்குள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். “என்னால பாக்க முடியாது” என்று ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சேர்மதுரை தட்டைத் தூக்கினான். நிறைய மக்ரூன். ஒன்று, இரண்டு, மூன்று.

நின்றான்.

சார் ஒரு அடி முன்னால் வைத்து, “போ…” என்று ஆரம்பித்தார்.

“சார்,” என்றார் டீச்சர், மெதுவாக. சார் வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்னால் தட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அண்ணாச்சி அவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். முட்டை அடிக்கிற மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சேர்மதுரை எதிரே பார்த்தான். வலது காலை நீட்டினான். குளத்தில் இறங்குகிறவன் தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பானே, அப்படி வைத்தான். ஒன்றும் வரவில்லை. இடது காலை வைத்தான்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. மெஷினைத் தாண்டினான். தட்டு ஒரு பக்கமும் சாயவில்லை. பாக்கெட் போடுகிற மேசைக்கு வந்துவிட்டான். அங்கே இருந்த பெண்கள் வாங்கக் கையை நீட்டினார்கள். அவன் கொடுக்கவில்லை. மேசையையும் தாண்டிப் போனான்.

“ஏ தம்பி, இங்க வையி, இங்க,” என்றாள் ஒருத்தி.

கல்லாவைத் தாண்டினான். வாசலுக்குப் போனான். முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு களை இருக்காது. வாசலுக்கு வெளியே ரோடு. மினிபஸ்ஸும் லாரியும் உப்பு ஏற்றின வண்டியும் போகிற ரோடு.

சார் பதறிப்போனார். அவனுக்கு முன்னால் ஓடி மறிக்கப் பார்த்தார். நடையில் தட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து, மேசைக்கும் கல்லாவுக்கும் இடையில் சிக்கி, “ஏய், நில்லு, நில்லுல” என்று கத்தினார். மெஷின் சத்தத்தில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. ஜெபக்கனி டீச்சரைக் காணவில்லை.

சேர்மதுரை வாசற்படி இறங்கி, ரோட்டு ஓரம் வரைக்கும் போனான். நின்றான்.

தானாகத்தான் நின்றான். அங்கே தடுப்பு இல்லை, நடைபாதைக்கு விளிம்புகூட இல்லை. மணலும் தாரும் சேருகிற இடம், அவ்வளவுதான். ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான். தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

“அம்மா.”

தங்கபுஷ்பம் திரும்பினார். அவர் ரோட்டைத் தாண்டி வந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவன் தட்டை அவர் முன்னால் நீட்டினான். “நான் கொண்டாந்தேன்” என்றான். அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. மகன் முகத்தைத்தான் பார்த்தார்.

“ஒண்ணு எடுங்க,” என்றார் பின்னாலேயே வந்த அண்ணாச்சி.

“வேண்டாம் அண்ணாச்சி, யாவாரத்துக்கு உள்ளது.”

“எடுங்கம்மா. தட்டு முழுசா வந்திருக்கு, ஒண்ணு ஒடையல. என் ஆளுகளே தெனமும் நாலை ஒடைக்கிறானுவ.” பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “நாளைக்குக் காலையில வரட்டும் டீச்சர். மேசை எங்க முடியுதுன்னு மட்டும் சொல்லிக்குடுத்து அனுப்புங்க. இல்லன்னா என் சரக்கு பூராவும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிரும்,” என்றார்.

எல்லாரும் சிரித்தோம். தங்கபுஷ்பம் சிரித்துக்கொண்டே அழுதார். ஒரு மக்ரூனை எடுத்துப் பாதியை மகன் வாயில் வைத்தார். அவன் தட்டை விடாமல் வாயை மட்டும் திறந்தான்.

பொன்னுலிங்கம் சார் சிரிக்கவில்லை. வேனில் ஏறுகிறவரைக்கும் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சட்டை பூராவும் சீனித்தூள்.

“டீச்சர்,” என்றார். “ஒரு சந்தேகம்.”

“கேளுங்க சார்.”

“நின்னுட்டான். சரி. சந்தோஷம். ஒருவேளை நிக்காம ரோட்டுல எறங்கியிருந்தான்னா?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவன் ரோட்டு ஓரத்தில் நின்றபோது, அவன் காலர் எட்டுகிற தூரத்தில் ஜெபக்கனி டீச்சர் நின்றிருந்தார். அடுப்பறையிலிருந்தே அவன் பின்னால் வந்திருக்கிறார். அவர் வந்ததை நான் பார்க்கவில்லை, சார் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. டீச்சரின் வலது கை விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. அவர் அதை மெல்ல விரித்துச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“எறங்கியிருந்தா பிடிச்சிருப்பேன் சார். முன்னால நின்னா மறிக்கத்தான் முடியும். பிடிக்கணும்னா பின்னாலதான் போகணும்.”